மேற்கு மேலே: செங்கோட்டைக் கணவாய்க்கு ஒரு மரப்படம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செங்கோட்டைக் கணவாயின் மரப்படத்தைப் படிப்பகத்தில் மேசையாகப் போட்டாயிற்று. அஞ்சு மாதம் இழுத்த வேலை. நடுவில் இரண்டு தடவை முழுசாகப் பிரித்து மறுபடி தொடங்கினேன். இதுபோல யாராவது செய்ய நினைத்தால் நான் பட்ட பாட்டில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் செங்கோட்டையில் மரவேலை செய்கிறவன். கதவு, நிலை, கட்டில்தான் தொழில். எங்கள் தெருப் படிப்பகத்துச் சுவரில் ஒரு உலகப் படமும் ஒரு தமிழ்நாட்டுப் படமும் தொங்குகின்றன. தமிழ்நாட்டுப் படத்தில் எங்கள் ஊர் இடது ஓரத்தில் ஒரு புள்ளி. அதற்கு அந்தப் பக்கம், கேரளம் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் வெள்ளைத்தாள். ஆனால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் அந்த வெள்ளைத்தாளில்தான் இருக்கிறார்கள். தாய்மாமா ஆரியங்காவில், சித்தி புனலூரில். அய்யப்பன் கோவிலுக்கு என்றால் அச்சன்கோவில். பெரியப்பா முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்த தண்டவாளமும் அந்தப் பக்கம்தான். இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரு படம் வேண்டும், அதுவும் மலை மலையாகத் தெரிய வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடந்தது.

அளவு முதலில். 1:50,000 என்று வைத்துக்கொண்டேன். அதாவது நிலத்தில் ஒரு கிலோமீட்டர், படத்தில் இரண்டு சென்டிமீட்டர். தென்காசியிலிருந்து புனலூர் வரை நூல் பிடித்தால் 42 கிலோமீட்டர் வருகிறது, 84 செ.மீ. இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு 96 செ.மீ. நீளம். அகலத்துக்கு முதலில் 48 செ.மீ. போட்டேன். அப்படிப் போட்டால் அச்சன்கோவில் சரியாக விளிம்பில் வெட்டுப்படுகிறது. அம்மா பார்த்துவிட்டு, "அச்சன்கோவில் இல்லாம என்ன படம்?" என்று கேட்டாள். 60 செ.மீ. ஆக்கினேன். அதுவும் நல்லதாகப் போயிற்று: எட்டுக்கு நாலு பிளைவுட்டில் 96-க்கு 60 துண்டு சரியாக நாலு விழும்.

மலையின் உயரக் கணக்கு எனக்குத் தெரியாத சமாச்சாரம். அக்கா மகள் சிவில் டிப்ளமோ படித்தவள், அவள் செய்து கொடுத்தாள். 2000-ம் வருஷம் பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரில் அளந்த உயரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதை க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டால், சம உயரமுள்ள இடங்களைச் சேர்த்துக் கோடு போட்டுத் தருகிறது. 100 மீட்டருக்கு ஒரு கோடு. 100-லிருந்து 1,500 வரை 15 கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு அடுக்கு பிளைவுட். அந்த வடிவத்துக்கு வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் மலை எழுந்து வரும். யோசனை அவ்வளவுதான்.

முதல் தப்பு அச்சில். பெரிய தாளில் கோட்டுப்படம் இரண்டு பிரதி எடுத்து வந்து, நேராகக் கார்பன் வைத்து நகலெடுக்க உட்கார்ந்துவிட்டேன். மூன்று அடுக்கு வெட்டிய பிறகு எதற்கோ டேப் வைத்துப் பார்த்தால் 96-க்குப் பதில் 93.3 செ.மீ. இருக்கிறது. தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சடித்திருக்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அளவை மாற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் வாங்கியதும் அளந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் படத்தின் ஓரத்திலேயே 10 செ.மீ. கோடு ஒன்று போடச் சொல்லிவிடுகிறேன். கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பது.

இரண்டாவது தப்பு பெரியது. பட்டறையில் 6 மி.மீ. பிளைவுட் கைவசம் பழகியது என்பதால் அதிலேயே இறங்கினேன். இந்த அளவில் 100 மீட்டர் உயரத்துக்கு நியாயமாக 2 மி.மீ. போதும். அப்படியே செய்தால் மலை தட்டையாகிவிடும், கண்ணில் படாது, கொஞ்சம் தூக்கித்தான் காட்ட வேண்டும் என்று தெரியும். ஆனால் 6 மி.மீ. என்றால் மூன்று மடங்கு. ஏழாவது அடுக்கு ஏறியதும் குற்றாலத்துப் பக்கம் மதில் சுவர்போல நிமிர்ந்து நின்றது. நாங்கள் தினமும் வாசலில் நின்று பார்க்கிற மலை அது. அது அப்படி இல்லை. நம் மலை படுத்துப் படுத்து ஏறும், மேலே மேகம் உட்கார இடம் விட்டிருக்கும். தட்டின்மேல் தட்டு அடுக்கிய மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு இதுதான் நம் மலை என்று பிள்ளைகளிடம் சொல்ல மனசு வரவில்லை. நிறுத்திவிட்டேன். அதில் 3,000 ரூபாய் போயிற்று.

அதோடு அது வளைந்தும் போனது. அந்த ஏழு அடுக்கையும் நான் ஒட்டியது ஜூன் கடைசியில். எங்கள் ஊரில் அது சாரல் நேரம். கணவாய் வழியாகக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து பட்டறைக்குள் போடும். ஃபெவிகாலின் தண்ணீரும் காற்றின் ஈரமும் சேர்ந்து, பத்து நாளில் பலகையின் நடுப்பகுதி 11 மி.மீ. தூக்கிக்கொண்டது. சி-கிளாம்ப் போட்டு இறுக்கிப் பார்த்தேன், கழற்றியதும் திரும்ப அதே வளைவு.

இரண்டாம் முறை 4 மி.மீ. பிளைவுட். இரண்டு மடங்குத் தூக்கல். கண்ணுக்கு இதுதான் சரி. அடிப்பலகையாக உள்ளே மரக்கட்டை வைத்த 18 மி.மீ. பிளாக்போர்டு, அதன் அடியில் குறுக்கே இரண்டு தேக்குச் சட்டம் திருகு போட்டுப் பிடித்தேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு அடுக்கு. கோந்தை ரோலரால் மெல்லிசாகத் தடவி, மேலே பழைய கதவுப் பலகை, அதன்மேல் நாலு செங்கல் வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். வளையவில்லை.

வெட்டுவதில் கற்றுக்கொண்டது: ஜிக்சாவில் சாதாரண பிளேடு போட்டால் மேல்தோல் பிய்ந்துகொண்டு வருகிறது. வளைவு வெட்டுகிற சன்ன பிளேடு வாங்கி, கோட்டின்மேல் செலோடேப் ஒட்டி வெட்டினேன், சுத்தமாக வந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற அடுக்குகள் விரல் அகலத் தீவுகளாகப் பிரிந்துவிடும். அதற்கெல்லாம் மெஷின் ஆகாது, கை ரம்பத்தில் நூல் நூலாக வெட்டினேன். 1,200-வது அடுக்கு ஒன்றுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அடுக்கு நகராமல் ஒட்டுவதுதான் இதில் உயிர். கண் அளவில் வைத்து ஒட்டியபோது ஏழாவது அடுக்குக்குள் 4 மி.மீ. தெற்கே நகர்ந்திருந்தது. அதாவது நிலத்தில் 200 மீட்டர். அடிமட்ட அடுக்குகளுக்கு இரண்டு மூலையில் 6 மி.மீ. ஓட்டை போட்டு மரக்குச்சி இறக்கினேன், அசையவில்லை. மேலே தீவுகளுக்கு மூலை ஏது? அதற்கு வழி: ஒவ்வொரு அடுக்கையும் நகலெடுக்கும்போதே அதற்கு அடுத்த கோட்டையும் மெல்லிசாக அதன்மேல் வரைந்துவிட வேண்டும். ஒட்டும்போது அந்தக் கோட்டின்மேல் உட்கார வைத்தால் போதும்.

படிக்கட்டு மாதிரித் தெரிகிறதே என்று மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து ஒரு சரிவில் மட்டும் பூசிப் பார்த்தேன். காய்ந்ததும் விரிசல் விட்டது. உளியால் சுரண்டி எடுத்தேன். எடுத்தபோதுதான் கவனித்தேன், பிளைவுட்டின் வெட்டு முகத்தில் இருக்கிற கறுப்பும் வெளுப்புமான வரிகளே மலையைச் சுற்றிக் கோடு கோடாக ஓடுகின்றன. அதை மறைப்பானேன்? முனையை மட்டும் 180 நம்பர் உப்புத்தாளால் மழுக்கிவிட்டு அப்படியே விட்டேன்.

ரயில் பாதைக்குச் செம்புக் கம்பி, 1 மி.மீ. தடிமன். கூரான உளியால் மெல்லிய பள்ளம் எடுத்து அதில் அழுத்தினேன். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நேர்கோட்டில் 35 கிலோமீட்டர்தான், படத்தில் 70 செ.மீ. தாராளமாக இருக்கட்டும் என்று 80 செ.மீ. கம்பி வெட்டினேன். புனலூர் வரை போய்ச் சேரவில்லை. பாதையின் நீளம் 49 கிலோமீட்டர், கம்பி ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். பகவதிபுரம், சுரங்கம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி என்று மலையின் இடுக்கு இடுக்காக வளைந்து போகிற பாதை அது. 1904-ல் போட்டது. எத்தனையோ தடவை அந்த ரயிலில் போயிருக்கிறேன். அந்த 14 கிலோமீட்டர் வளைவு என் கைக்குத் தெரிந்தது கம்பி பற்றாமல் போன அன்றைக்குத்தான்.

ஊர்ப்பெயர்களை வெள்ளைப் பெயிண்டில் நேராக மரத்திலேயே எழுதினேன். வடக்கு மேலே, எல்லாப் படத்திலும் இருக்கிற மாதிரி. எழுதி, காய வைத்து, மேலே ஒரு கோட் லாக்கர் அடித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. பட்டறையில் 96 செ.மீ. நீளத்துக்குச் சுவரில் இடம் இல்லை. அதனால் பலகையைக் குட்டைப்பக்கமாக, கிழக்கு விளிம்பு தரையில் படும்படி சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். தென்காசி கீழே, புனலூர் உச்சியில். எழுத்தெல்லாம் மேலிருந்து கீழாகக் கவிழ்ந்து கிடந்தது. ஒரு நாள் காலையில் பெரியப்பா வந்தார். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், 77 வயசு. முன்னாடி இரண்டு முறை அதை மேசையில் வடக்கு மேலாக வைத்துக் காட்டியிருக்கிறேன். இரண்டு முறையும் "நல்லாருக்குலே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு வந்தவர் நின்றுவிட்டார். கிட்டே போய்க் குனிந்தார். எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஆள்காட்டி விரலைக் கீழே வைத்து, கம்பியைத் தொட்டபடி மெல்ல மேலே ஏற்றினார்.

"இது நம்ம ஸ்டேசன். இது பகவதிபுரம். இந்தா, இங்கன கொகை வருது." விரல் இரண்டு மலைக்கு நடுவில் இருக்கிற பள்ளத்துக்குள் இறங்கியது. நகம் இரண்டு பக்கமும் மரத்தில் உரசுகிற அளவுக்குக் குறுகலான இடம். "இதுக்குள்ளதாம்லே காத்து வரும். மழைக்காலத்துல லைன் பாக்கப் போனா குடையைத் திருப்பிப் போட்டுரும்." கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலத்துக்காக நான் வெட்டியிருந்த சின்னப் பள்ளத்தில் விரல் நின்றது. அப்புறம் திரும்பி, "எடப்பாளையத்துக்கு மேக்க ஒரு வளைவை விட்டுட்டியே" என்றார்.

முன்னாடி காட்டியபோது ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "அப்ப மலை பக்கவாட்டுல கிடந்துச்சு. மலை மேக்கதான இருக்கும், மேலதான இருக்கணும்?"

அந்தப் பதிலை இரண்டு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். நாம் பேசுகிற சொல்லிலேயே அது இருக்கிறது. மேல் இருப்பது மேற்கு, கீழ் இருப்பது கிழக்கு. மலையில் தொடங்கிக் கடலுக்குச் சரிகிற நிலத்தில் பிறந்த சொற்கள். மேலத்தெரு, கீழத்தெரு, மேலப்பாவூர், கீழப்பாவூர். எங்கள் வீட்டில் சோறு பரிமாறும்போதுகூட, "மேக்க தள்ளி உக்காரு" என்றுதான் சொல்வோம். சின்ன வயசிலிருந்து அப்படிப் பேசுகிறவன் படம் செய்ய உட்கார்ந்ததும் வடக்கைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துச் சுவரில் அப்படித்தான் தொங்கியது, அதனால் கை தானாக அப்படிப் போயிற்று.

மேற்கை மேலே வைத்தால் தப்பாகாதா என்று அக்கா மகளிடம் கேட்டேன். அவள் போனில் தேடி ஒவ்வொன்றாகக் காட்டினாள். 1154-ல் சிசிலி அரசன் ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் செய்த உலகப் படத்தில் தெற்கு மேலே. இடைக்கால ஐரோப்பியர் படங்கள் பலவற்றில் கிழக்கு மேலே, சிலவற்றில் நடுவில் ஜெருசலேம். 1979-ல் மெக்ஆர்தர் என்ற ஆஸ்திரேலியர் தெற்கை மேலே வைத்து, தன் நாட்டை உச்சியில் நிறுத்தி ஒரு படம் வெளியிட்டார். எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறொன்று: கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் குனித் என்ற வேட்டைக்காரர் மரத்துண்டில் செதுக்கிய படம். 1885-ல் ஹோல்ம் என்ற டென்மார்க் அதிகாரி அவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். கடற்கரையின் ஒவ்வொரு குடைவும் முனையும் மரத்தின் ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக இறங்கி வருகிறது. வடக்குமில்லை தெற்குமில்லை. கையில் பிடித்துத் தடவினால் கரை தெரியும். பக்கத்திலேயே தீவுகளுக்கு என்று தனிக்குச்சி ஒன்று. ஒரு தச்சனாகச் சொல்கிறேன், அந்தக் குடைவுகளின் சுத்தத்தை போன் திரையில் பார்த்தே எனக்குப் பொறாமையாக இருந்தது.

பெரியப்பாவின் விரல் செய்ததும் அதுதானே. படத்தின்மேல் கண்ணாடி போடுவதாக இருந்தேன். அந்த யோசனையை அன்றைக்கே விட்டேன்.

பெயிண்ட் எழுத்தையும் லாக்கரையும் சேர்த்துத் தேய்த்து எடுக்க ஒரு வாரம். இந்த முறை எழுத்தை மரத்தில் எழுதவில்லை. வெனீர் என்கிற மெல்லிய மரத்தோல் பட்டையை 8 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி, அதில் பேனாவால் ஊர்ப்பெயர் எழுதி, சின்ன ஆணியால் குத்தினேன். கழற்றலாம், திருப்பலாம். பலகையை நெட்டுக்கு நிறுத்தி, மேற்கு மேலே, ஒரு கதவு மாதிரிச் சுவரில் மாட்டுவது என்று முடிவு.

அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. புனலூரிலிருந்து ரப்பர் மரச் சட்டம் ஏற்றிவருகிற லாரி டிரைவர் ஒருத்தர், பத்து வருஷப் பழக்கம். இறக்கிவிட்டுக் கை கழுவ வந்தவர் படத்தைப் பார்த்தார். தன் ஊரைத் தேடினார். உச்சியில் இருந்தது. கல்லடையாற்றையும் 1877-ல் கட்டிய தூக்குப்பாலத்துக்கு நான் போட்டிருந்த நூலையும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்புறம் தலையை அந்தப் பக்கம் சாய்த்து, இந்தப் பக்கம் சாய்த்து, "சேட்டா, இது தலைகீழா இருக்குல்லே? எங்களுக்கு மலை கிழக்கல்லே? மழை பெய்ஞ்சா கிழக்கன் வெள்ளம் வருதுன்னு சொல்லுவோம். மலையிலேர்ந்து கீழ எறங்குனாத்தான் புனலூர்" என்றார்.

அவர் சொன்னதும் எனக்கு ஒன்று உறைத்தது. மலையாளத்திலும் கிழக்கு கிழக்குதான். ஆனால் அவர்களுக்குக் கிழக்கே இருப்பது உயர்ந்த மலை. கீழ் என்ற சொல்லை மலையின்மேல் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கால்டுவெல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: மலைக்குக் கிழக்கே பிறந்த சொல், மலையைத் தாண்டிப் போய் அங்கே தங்கிவிட்டது. மேற்குக்கு அவர்கள் புழங்குகிற சொல் படிஞ்ஞாறு, ஞாயிறு படுகிற திசை. எங்களுக்கு மேற்கே போகப் போக ஏற்றம், அவருக்குக் கிழக்கே வர வர ஏற்றம். இரண்டு பேருக்கும் மேலே இருப்பது மலைதான். சுவரில் எப்படி மாட்டினாலும் ஒரு பக்கத்துக்காரருக்கு அது தலைகீழ்.

அதனால்தான் மேசை. சுவரே வேண்டாம். பலகையைப் படுக்கப்போட்டு நாலு பக்கமும் ஆள் நிற்கிற மாதிரி, 28 அங்குல உயரத்தில் கால் கொடுத்தேன். கால்கள் அவர் கொண்டுவந்த அதே ரப்பர் மரம், 900 ரூபாய். மலை முகட்டுக்குக் கிழக்கே இருக்கிற ஊர்ப்பெயர்கள் கிழக்கே நிற்பவர் படிக்கும்படி. மேற்கே இருப்பவை மேற்கே நிற்பவர் படிக்கும்படி, தமிழிலும் மலையாளத்திலும். மலையாள எழுத்தை டிரைவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், நான் பார்த்து எழுதினேன். மேசையின் இரண்டு முனையில் எங்கே நின்றாலும் மலை உங்களுக்கு எதிரே எழுந்து நிற்கிறது. சிற்றாறும் அரிகரா நதியும் இந்தப் பக்கம் இறங்குகின்றன, கல்லடையாறும் அச்சன்கோவிலாறும் அந்தப் பக்கம்.

மிச்சம் இருந்தது மாநில எல்லை. சிவப்புப் பெயிண்டில் போடலாம் என்று தூரிகையை எடுத்தேன். பெரியப்பா அப்போதும் பக்கத்தில் இருந்தார். "எந்த எல்லை?" என்று கேட்டார். அவர் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர். ஊரில் சங்கு முத்திரை போட்ட வளைவு இன்றைக்கும் நிற்கிறது. தென்காசி அன்றைக்கு அடுத்த சீமை. 1956 நவம்பர் 1-ம் தேதி தாலுகாவில் எங்கள் பகுதி மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது அவருக்கு எட்டு வயசு. ஊருக்குக் கிழக்கே இருந்த எல்லை ஊருக்கு மேற்கே போய்விட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

பெயிண்ட் போடவில்லை. குண்டூசிகளும் சிவப்பு நூலும் வைத்தேன். இப்போதைய எல்லைக்கு முகட்டோரமாக வரிசையாக ஊசி, பழைய எல்லைக்குச் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவில் வரிசையாக ஊசி. நூல் மட்டும் ஒன்று. எந்த வருஷத்துக்கு வேண்டுமோ அந்த வரிசையில் மாட்டிக்கொள்ளலாம். பிள்ளைகள் முதல் நாளே நூலைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒருத்தி நூலை இங்கும் மாட்டாமல் அங்கும் மாட்டாமல் கையில் சுற்றிக்கொண்டு, "இப்ப மாமா வீட்டுக்குப் போக எல்லை இல்ல" என்றாள்.

செலவு மொத்தம் 10,380 ரூபாய். என் கூலி சேர்க்கவில்லை. 6 மி.மீ. பிளைவுட்டும் சுருங்கின அச்சும் இல்லாமல் இருந்திருந்தால் 7,020-ல் முடிந்திருக்கும். அதில் 4 மி.மீ. பிளைவுட் மூன்று ஷீட் 3,150. பிளேடு மட்டும் 840, இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. மழுங்கின பிளேடு ஒரு நிமிஷத்தில் ஒரு அடுக்கைக் கெடுத்துவிடும்.

அடுத்தமுறை மாற்றப்போவது: 100 மீட்டருக்கு ஒரு கோடு என்பது மலைக்குப் போதும், கணவாய்க்குப் போதாது. புளியரையிலிருந்து ஆரியங்காவு வரை ஏறுகிற ஏற்றம்தான் இந்த நிலத்தின் உயிர். லாரிகள் எஸ் வளைவில் மூச்சு வாங்கி ஏறுகிற இடம் அது. என் படத்தில் அந்த ஏற்றம் ஓரிரு படியில் முடிந்துபோகிறது. 500 மீட்டர் வரை 2 மி.மீ. பலகையில் 50 மீட்டருக்கு ஒரு அடுக்கு வைக்க வேண்டும். தூக்கல் அதே இரண்டு மடங்குதான் வரும், சேர்மானத்தில் குழப்பம் வராது. பெரியப்பா சொன்ன இடப்பாளையத்து வளைவையும் சரிசெய்ய வேண்டும். 2010-ல் மீட்டர் கேஜ் ரயில் நின்று, 2018-ல் அகலப்பாதையில் திரும்ப ஓடியபோது அந்த இடத்தில் பாதை கொஞ்சம் மாறியிருக்குமோ என்று எனக்கு ஒரு யோசனை. ஒரு நாள் அவரையே ரயிலில் கூட்டிப்போய், ஜன்னலோரம் உட்கார வைத்துக் கேட்டு வரப்போகிறேன். ஒட்டுகிற வேலை எல்லாம் மார்ச்சிலேயே முடித்துவிட வேண்டும், சாரலுக்குத் தள்ளக்கூடாது. எழுத்து எல்லாவற்றுக்கும் கடைசியில்.

டிரைவருக்கு ஒன்று செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஊர்ப் பக்கம் ஒரு வாசகசாலை இருக்கிறதாம். ரப்பர் மரம் அவர் பொறுப்பு.

படிப்பகத்தில் வைத்து எட்டு நாள்தான் ஆகிறது. நேற்றுத் துடைக்கும்போது பார்த்தேன், செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம் வழியாகப் பள்ளத்துக்குள் போகிற இடத்தில் லாக்கரின் மினுமினுப்பு ஏற்கெனவே மங்கியிருக்கிறது. கம்பியின் செம்பு மட்டும் பளபளவென்று இருக்கிறது. அந்த விரல் அகலத்துக்கு இனி லாக்கர் அடிக்கப் போவதில்லை. தேன்மெழுகு தடவி விடலாம் என்று இருக்கிறேன், மாதம் ஒரு தடவை.